ஒரு முழுங்கு

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பேருந்து நிலையத்தில் காலையிலிருந்து கூவுகிறதே ஒரு குரல், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை வீட்டில் கூப்பிடுவது 'மைக்' என்று. வாயை மூடவே மாட்டாள் என்று அக்கா வைத்த பட்டப்பெயர். அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியதும் அந்த அக்காதான்.

தேர்தல் வந்தது. செல்போன் கடை மாடியில் ஒரு கட்சியின் சமூக ஊடகப் பிரிவு. ஆளுக்கு நாலு போன், போனுக்கு ஒரு பொய்ப்பெயர். காலையில் இல்லத்தரசி, மதியம் விவசாயி என்று எழுதித் தள்ளியதெல்லாம் மீசை முளைத்த பையன்கள். அவர்கள் மைக்கைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தப்பான ஊசியால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகப் பேச வேண்டுமாம். அப்படி ஒரு தாயும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவர் எதிரணி வேட்பாளர், அவ்வளவுதான் விஷயம்.

அவள் தாளைப் படித்துக் காட்டினாள். "ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். பஸ் வர்றதா சொல்ற மாதிரியே இருக்கு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மைக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் போய் நின்று, தெருச் சத்தத்தோடு பேசினாள். "என் பிள்ளை..." என்று நிறுத்தி, எச்சிலை ஒரு முழுங்கு முழுங்கி, "எந்திரிக்கவே இல்லைங்க" என்றாள். பையன்கள் கைதட்டினார்கள். ஆள் அடையாளம் தெரியாதபடி குரலைக் கொஞ்சம் கனமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே கேட்டுவிட்டது. பாவி, அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து போன். அக்கா மகனுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, வெளியூரில் தனியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றாள். மைக் அடித்துப் பிடித்து ஓடினாள். பையன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். ஆனால் பெற்றவளைக்கூட அடையாளம் தெரியவில்லை.

"முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாருடி."

"பக்கத்துத் தெருவுலேயே கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கேக்கா?"

"அங்க எப்படிடி போவேன்? அந்தப் பொண்ணு பேசினத நீ கேக்கலையா? பாதியில நிறுத்தி ஒரு முழுங்கு முழுங்கினா பாரு, எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. நடிக்கிறவளுக்கு அப்படி வராதுடி. மகராசி நல்லா இருக்கணும். அவ சொல்லலேன்னா இவனை அங்கேயே பறிகொடுத்திருப்பேன்."

மைக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கே இவனுக்கு இன்னொரு காய்ச்சல் வந்தாலும் அக்கா அந்தப் பக்கத்துத் தெரு வாசலை மிதிக்க மாட்டாளே!

"அக்கா, அந்தக் குரல்..." நிறுத்தி, எச்சிலை முழுங்கினாள். நடிக்கவில்லை, தானாக வந்தது.

அக்கா நிமிர்ந்து அவள் கழுத்தையே பார்த்தாள். பிறகு மகனின் நெற்றியிலிருந்த துணியை எடுத்து, நனைத்து, மறுபடி போட்டாள்.

"அன்னைக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு மைக்" என்றாள். "இவனைப் பார்த்துச் சொல்லு."