ஈரத்தில் பார்த்த சிவப்பு

அந்தக் காரின் பானட்டில், இடது விளக்குக்கு மேலே ஒரு சாண் தள்ளி, ஓர் இடம் இருக்கிறது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கீறல் இல்லை, மேடு இல்லை, நிறத்தில் வேறுபாடு இல்லை. விரலை வைத்துத் தடவினால் கண்ணாடியைத் தடவுவது போல வழுக்கிக்கொண்டு போகும். ஆனாலும் அந்த இடத்தை என்னால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட முடியும். அதை அறிந்தவர்கள் மூன்று பேர்: என் அக்கா, அக்காவின் கணவரான என் அத்தான், நான். அக்கா இப்போது இல்லை.

அத்தான் ராஜபாளையத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தென்காசி சாலையில், இரண்டு நூற்பாலைகளுக்கு நடுவே அவருடைய பட்டறை இருந்தது. அந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருந்தாத இடம் வேறு கிடைத்திருக்காது. எண்பதுகளில் அந்தச் சாலையில் பஞ்சு பறக்காத நேரம் குறைவு. சங்கு ஊதி வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். இருபது வயதுப் பெண்கள் நரைத்துப் போனவர்களைப் போல நடந்து போவார்கள். ஈரப் பெயிண்டின் மேல் அதில் ஓர் இழை விழுந்தால் போதும், உள்ளே அமிழ்ந்து காய்ந்து தழும்பாகிவிடும். அதனால் அத்தான், காலைச் சங்கு ஊதி ஆட்களெல்லாம் மில்லுக்குள் போன பிறகு, மலைக்காற்று எழும்புவதற்கு முன்பாக, தெரு அடங்கியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கடைசிப் பூச்சை அடிப்பார். தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார். வாசலில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவார். மில் உடுப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது என்பது பட்டறையின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவள் அக்காதான். அவள் ஒரு நூற்பாலையில் கழிவுப் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். மில்லிலேயே தூசு மிகுந்த இடம் அது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்து, சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள புங்கமரத்தடியில் நிற்பாள். அத்தான் இந்தப் பக்கத்திலிருந்து போய் வாங்கிக்கொள்வார். அவள் குளித்து, சேலை மாற்றி வந்தாலும் அவருக்கு நம்பிக்கை வராது. அக்கா இதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஈரத்தில் பெயிண்டுக்கு இருக்கும் பளபளப்பைப் பற்றி அத்தான் இரவுச் சாப்பாட்டின்போது ஓயாமல் பேசுவார். காயும்போது அது கொஞ்சம் மங்கிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்து மெருகேற்றினாலும் அந்தப் பழைய ஒளி முழுதாகத் திரும்பாது என்பார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கல்யாணமான நாள்ல இருந்து ஒங்க வேலைய நான் காஞ்ச பொறவுதான் பாத்திருக்கேன்” என்பாள்.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் கார் வந்தது. வெளிநாட்டு வண்டி. இரண்டே இருக்கை, மேற்கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உடம்பு. மில் முதலாளியின் மகன், ஊரில் எல்லோரும் சின்ன முதலாளி என்று அழைப்பவருக்கு உரியது. அவருடைய தகப்பனார் இளமையில் ஓட்டியது. அவர் காலமான பிறகு வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பருத்திக் கிட்டங்கியில் பல வருடங்கள் பொதிகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. இடையில் யாரோ அதற்குச் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். தகப்பனார் ஓட்டிய காலத்துச் சிவப்பையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது சின்ன முதலாளியின் விருப்பம். லாரியிலிருந்து இறக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து பஞ்சு சரிந்து விழுந்தது. இருக்கைக்கு அடியில், மட்கார்டின் உள்மடிப்பில், விளக்குக் குழிகளில் எல்லாம் பஞ்சு.

எதிரே புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்த அக்கா அங்கிருந்தே சத்தம் போட்டாள்: “ஏங்க, இது என்ன ஞாயம்? நான் வரக் கூடாது, இவ மட்டும் பஞ்சோட உள்ள போலாமாக்கும்?”

பக்கத்துப் பட்டறையில் டிங்கர் வேலை செய்யும் பாய் அதைப் பிடித்துக்கொண்டார். “கேளும் பெயிண்டரே. கட்டுனவள வெயில்ல நிப்பாட்டிட்டு இந்தச் சீமைக்காரிய உள்ள குடி வைக்கீரே, நல்லாவா இருக்கு?”

“ரெண்டு பேரும் குளிச்சிட்டு வரட்டும். பொறவு பாப்போம்” என்றார் அத்தான்.

வண்டியின் உடம்பைப் பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். கதவுகளின் அடிவிளிம்பைத் துரு தின்றிருந்தது. பாய் அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். நெளிவுகளை உள்பக்கம் இரும்புக்கட்டை கொடுத்துத் தட்டி நிமிர்த்தினார். அதன் பிறகு அத்தானின் வேலை. பழைய பெயிண்டை இரும்பு தெரியும் வரை சுரண்டினார். பிரைமர் அடித்து, பள்ளங்களில் பட்டி வைத்து, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, திரும்பவும் பட்டி வைத்து, திரும்பவும் தேய்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி வந்து பார்ப்பேன். வேலை நகர்ந்ததே கண்ணுக்குத் தெரியாது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னும் அலை அடிக்கி மாப்ள” என்பார்.

அந்த மாதங்களில்தான் அக்காவின் இருமல் முற்றியது. முதலில் வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கும், மறுநாள் சரியாகிவிடும். பிறகு எல்லா நாளும் இறுகியது. மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அத்தானை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அத்தான் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடியே, “அந்தச் செவப்பு வண்டிக்குக் கடைசிக் கோட்டு எப்ப அடிப்பிய?” என்று மட்டும் கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

ஆனி மாதம். காற்று தொடங்கிவிட்டிருந்தது. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில், ‘காற்று அதிகம். அக்கா பட்டறைக்குப் போனாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் மில்லுக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை ஒரு வெள்ளைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நான் ரிக்‌ஷாவில் கூட்டிப் போனேன். புங்கமரத்தடியில் இறங்கி, பழக்கத்தால் அங்கேயே நின்றுவிட்டாள். அத்தான் நனைந்த சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“குளிச்சிட்டேன். இப்ப வரலாமா?” என்றாள் அக்கா.

அவர் சாக்கை இன்னும் அகலமாக விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

பானட்டைத் தனியாக இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து அப்போதுதான் அடித்து முடித்திருந்தார். அதுவரை நானும் ஈரத்தில் அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. தகடு என்றே சொல்ல முடியாது. ஆழமுள்ள நீர்நிலை ஒன்றைக் குனிந்து பார்ப்பது போல இருந்தது. ஓட்டு இடுக்கில் விழுந்த வெளிச்சம் அதில் அசைந்தது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை அக்காவுக்கு ஆகாது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மெதுவாக அருகே போனாள். குனிந்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது.

“இந்தாருங்க, நானும் செவத்துட்டேன்” என்றாள்.

கறுப்பான அக்கா. பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் சொன்னதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, வேகமாக வெளியே போய்விட்டாள். உள்ளே இருந்தது சிறிது நேரம்தான்.

அன்று மாலை அத்தான் வீட்டுக்கு வந்ததும் அக்கா படுத்தபடியே, “பானட்டு நல்லா வந்திருக்கா?” என்று கேட்டாள். அவருக்கு அவளிடம் பொய் சொல்லத் தெரியாது.

“வந்திருக்கு. ஒரு எழை மட்டும் உக்காந்திருக்கு.”

“மில்ல விட்டு வந்து ஒரு மாசமாச்சு. மில்லு என்னைய விடமாட்டேங்குது பாருங்க.”

“மில்லுப் பஞ்சு இல்லட்டி. துண்டுல இருந்து விழுந்திருக்கும். நகக்கண்ணு நீளந்தான். சின்ன மொதலாளி கண்ணுக்குத் தெரியாது. கெடக்கட்டும்.”

“ஒங்க கண்ணுக்குத் தெரியும்லா.”

“தெரியட்டுமே. நீ வந்துட்டுப் போனதுக்கு அடையாளமா இருக்கட்டும்.”

அக்கா மூச்சைச் சேர்த்துக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டாள். “அத பாக்கும்போதெல்லாம் ஒங்களுக்கு என் இருமலுதான் ஞாவகம் வரும். நான் இருமுறதுக்கா அங்க வந்தேன்? எடுத்துருங்க.”

தன் நினைவாக அத்தானிடம் மிஞ்ச வேண்டியது எது என்பதை அவள் சொல்லிவிட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அது பிடிவாதமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அவர் அந்த இழையை எடுத்தார். என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் சொட்டுச் சொட்டாக ஊற்ற, மிக நைசான வாட்டர் பேப்பரை மடித்து நிறுத்தி நிறுத்தித் தேய்த்தார். பாதியில் ஒருமுறை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். எதிரே மரத்தடியில் யாரும் இல்லை. திரும்பி வந்து தொடர்ந்தார். தண்ணீர் சிவப்பாக வடிந்து தரையில் ஓடியது. இழை எப்போது வெளியே வந்தது, எந்தச் சொட்டோடு போனது என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. தேய்த்த இடத்தின் விளிம்பு தெரியாமலிருக்க பானட் முழுவதற்கும் இன்னொரு பூச்சு அடித்தார். அடித்து முடித்து, அது காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சின்ன முதலாளிக்கு வண்டி மிகவும் பிடித்துப்போனது. அதை முதல் ஓட்டமாக அய்யனார் கோவில் வரை கொண்டுபோய் வந்ததாகச் சொன்னார்கள். அக்கா ஐப்பசி மழையில் இறந்துபோனாள். எத்தனையோ வண்டிகளைக் காய்ந்த பிறகு மட்டும் பார்த்தவள், அந்த ஒரு வண்டியைக் காய்ந்த பிறகு பார்க்கவில்லை. அத்தான் அதற்குப் பிறகும் தொண்ணூறுகள் முடியும் வரை அதே பட்டறையில் வேலை செய்தார். தரையில் தண்ணீர் தெளிப்பதும் சாக்கு நனைப்பதும் மாறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கம் பார்ப்பதும் மாறவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன முதலாளியின் மகனுக்குக் கல்யாணம். அத்தானுக்கும் பத்திரிகை வந்திருந்தது. இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மண்டபத்து வாசலில் அந்தக் கார் நின்றது. ஓரங்களில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். வேறு யாரோ இடையில் மெருகேற்றியிருக்கலாம். ஆனால் பெயிண்ட் அத்தான் அடித்ததுதான். அவர் என் கையை விட்டுவிட்டு இடது விளக்கைத் தடவிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒரு சாண் அளந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலை அங்கே வைத்து, முன்னும் பின்னுமாக மெதுவாகத் தடவினார்.

“எம்புட்டுத் தேடினாலும் கெடைக்காது மாப்ள” என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். சிவப்பில் எங்கள் இரண்டு முகங்கள் தெரிந்தன. பானட்டில் விரல் தடம் விழுந்ததைப் பார்த்த டிரைவர், தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு துடைக்க வந்தான். அத்தான் சட்டென்று கையை நீட்டி மறித்தார். பட்டறை நாட்களில் கேட்ட அதே குரல்.

“துண்டு வேண்டாம் தம்பி. பஞ்சு ஒட்டும்.”

பிறகு உள்ளங்கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துப் பார்த்து, அதுவும் சரியில்லை என்று நினைத்தவர் போலத் தயங்கி, குனிந்து வாயால் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார், தடம் போய்விட்டதா என்று என்னிடம் கேட்காமலேயே.