டில்லிபாபு வாங்கிப் போன பீடி

டில்லிபாபு நல்ல மனுஷன். யார் என்ன குறை சொன்னாலும் நல்ல மனுஷன்தான், அதில் பேச்சே கிடையாது. காசிமேட்டுச் சந்துகளில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற சர்க்கார் வேலை அவனுக்கு. வயசானவர்கள் என்றால் தானே தண்ணீர் மொண்டு கொடுத்து, மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நகருவான்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு கெட்ட பழக்கம், பீடி. அதனால் தூக்கம் வருதா, கால் வீங்குதா, உப்பைக் குறைச்சியா என்று மற்றதெல்லாம் வாய் நிறையக் கேட்பான். பீடி பிடிக்கிறியா என்று கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் ஐயாவுக்கு இருமல் வந்துவிடும்.

லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிற எத்திராஜுக்கு நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தது. பிழைத்துக் கரை சேர்ந்தான். பீடியை விட்டால்தான் இனிமேல் கடல் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவன் பெண்டாட்டி குப்பம்மா, வீட்டிலிருந்த பீடிக்கட்டை டில்லிபாபு கையில் திணித்தாள்.

"நீ எடுத்துக்கினு போ தம்பி. இங்க கீதுன்னா இந்த ஆளு கை சும்மா இருக்காது."

"குப்பையில போட்டுர்றேன்க்கா" என்றான் டில்லிபாபு. மனசறிந்துதான் சொன்னான். குப்பைத் தொட்டி வரைக்கும் போகவும் போனான். ஆனால் கடல் தண்ணீர் படாமல் பாலிதீனில் சுற்றி, நீல வலைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, ஈரமே காணாத பீடி. போட மனசு வரவில்லை. பைக்குள் போய்விட்டது.

ரெண்டு நாள் கழித்து, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பின்னால் நின்று அதில் ஒன்றைப் பற்ற வைத்திருந்தான். லாஞ்சையாவது கண்ணால் பார்ப்போம் என்று அந்தப் பக்கம் வந்த எத்திராஜ், அவன் கையிலிருந்த நீலக் கயிற்றைப் பார்த்துவிட்டான். தான் போட்ட முடிச்சு தனக்கே தெரியாதா?

"இன்னா நைனா, என் பீடி சோக்கா கீதா?"

டில்லிபாபுவுக்குப் புகை மூக்கில் ஏறிவிட்டது. "அண்ணே..."

"குப்பம்மா உன்ன சாமி மாதிரி நெனச்சிக்கினு கீது. நீ இன்னாடான்னா என்னுத என் எதிர்லயே இழுத்துக்கினு கீற. ஒண்ணு குட்றா இங்க!"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தால் அவன் கடல் போயிற்று. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இவனுக்கு மூஞ்சி ஏது?

"குடுக்க மாட்டேண்ணே."

"ஏன், உனக்கே பத்தலியா?"

"எனக்கும் வாணாம். நான் பிடிக்கிறதாலதான் எவனையும் இதப் பத்திக் கேக்காம வுட்டுட்டேன். உன்னையே முன்னாடி கேட்டுருக்கணும்."

வாயிலிருந்ததையும் கட்டையும் சேர்த்து, ஐஸ் உருகி ஓடுகிற மீன் கழுவின தண்ணீரில் போட்டான்.

"அடப்பாவி, முழுசாவா போட்ட!" என்று எத்திராஜ் தலையில் கை வைத்தான். அப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு உனுக்குக் கை அரிக்குமே, இன்னா பண்ணுவ?"

"உனக்குப் போன் பண்றேன். உனக்கு அரிச்சா நீ பண்ணு."

பண்ணினார்கள். பொறுக்கலடா என்பான் ஒருத்தன், டீயைக் குடிச்சிட்டு நட என்பான் இன்னொருத்தன். நடுவில் ஒரு சாவு வீட்டில் டில்லிபாபு வழுக்கி, ஒரு பீடி பிடித்துவிட்டான். அவனே போன் போட்டுச் சொல்லி, "பேஜாரு புடிச்சவனே, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பி" என்று நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

இப்போதெல்லாம் அவன் முதல் கேள்வியே பீடிதான். "நானும் வுட்டுக்கினுதான் கீறேன், கஷ்டமாத்தான் கீது. உனக்கு எப்போ ரொம்பத் தோணுது?" என்பான். தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை தூக்குகிற ரஹீம், டாக்டரிடமும் வீட்டிலும் பழக்கமே இல்லை என்று வருஷக்கணக்காகச் சாதித்தவர், தானாகவே மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்து முன்னால் வைத்தார். டில்லிபாபு அதைத் தொடவில்லை. "நீங்களே தண்ணியில போடுங்க பாய், நான் பாக்கறேன்" என்றான்.

டாக்டர் சரி என்றதும் எத்திராஜ் கடலுக்குப் போனான். அங்கே போன் எடுக்காது, வலை இழுக்கிற அத்தனை பேர் வாயிலும் பீடி. லாஞ்ச் திரும்புகிற அன்று டில்லிபாபு விடியும் முன்பே கரையில் வந்து நின்றுவிட்டான். எத்திராஜ் இறங்கியதும் குப்பம்மா வழியை மறித்தாள்.

"ஊது."

ஊதினான். முகர்ந்து பார்த்தாள். "மீன் நாத்தந்தான்" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. சட்டென்று டில்லிபாபு பக்கம் திரும்பினாள். குப்பைக்குப் போகாத பீடிக்கட்டின் கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"நீ?"

"நான் எதுக்குக்கா?"

"ஊதுன்றேன்!"

சர்க்கார் ஊழியன் பள்ளிக்கூடப் பிள்ளையாக நின்று ஊதினான். அவள் முகர்ந்தாள். "ஏலக்கா கீலக்கா மென்னுக்கினு வந்தியா?"

"இல்லக்கா, டீதான்."

"சர்தான்" என்று கூடையிலிருந்து பெரிய சங்கரா மீனாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். "வூட்டுக்கு எடுத்துக்கினு போ. இத்தயாவது குப்பையில போடாத."