பதினேழாம் அடிக்குறிப்பு

நவம்பர் ஒன்பது, காலை ஆறு நாற்பது. தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் என் வீட்டு வாசலில், என் கட்டுரைக்குத் தகவல் தந்த தொழிலாளி சைக்கிளை நிறுத்தினார். முதல் ஷிப்டு ஆறு மணிக்கே தொடங்கியிருக்கும். அவர் இங்கே நின்றதைப் பார்த்ததுமே எழுந்து வாசலுக்குப் போனேன்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன் நான். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளிகளின் விரல் போவதைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டச் சொல்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். பெயரைப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கட்டுரையைப் பார்வையிட்டவர், "ஆதாரம் தெளிவில்லை. சொன்னவர் யார், எங்கே, எப்போது?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கேட்டது நியாயம் என்றே பட்டது. பதினேழாம் அடிக்குறிப்பில் தொழிலாளியின் வயது, ஷிப்டு, வலது கையில் இல்லாத இரண்டு விரல், கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவது எல்லாவற்றையும் சேர்த்தேன். பெயரை மட்டும் சேர்க்கவில்லை.

கருத்தரங்கு மலருக்கு விளம்பரம் கொடுத்த கம்பெனிகளுக்கெல்லாம், அவர் வேலை செய்த கம்பெனி உட்பட, ஒவ்வொரு பிரதி போகும். அது வழக்கம். எனக்கும் தெரிந்த வழக்கம்தான்.

"கம்பெனி கேட்டாண்ட பாஸைப் புடுங்கிக்கினானுங்க சார், இனிமே வராதன்ட்டானுங்க. பேரு போட மாட்டேன்னு சொன்னியே?"

"போடலையேப்பா."

"பேரு எதுக்கு? எங்க ஷாப்புல முப்பது பேரு. ரெண்டு வெரலு இல்லாதவன் நான் ஒர்த்தன்தான், சைக்கிள்ல வர்றவனும் நான் ஒர்த்தன்தான். அடுத்த தபா போட்டோவே போட்டுடு."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வேறு ஏதாவது வேலைக்குச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

"கையைப் பாத்துட்டு எவன் சார் குடுப்பான்? நீ இன்னும் எழுது."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே கல்லூரிக்குப் போய் அடிக்குறிப்பை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். ஆதாரத்தை எடுத்தால் அந்தப் பத்தியும் நிற்காது என்றார் மலரின் பதிப்பாசிரியர். எடுத்துவிடுங்கள் என்றேன். கட்டுரையில் உண்மையாக இருந்ததே அந்த ஒரு பத்திதான். அச்சான நூற்றிருபது பிரதிகளையும் திரும்ப வாங்க முடியாதாம். இணையத்தில் மட்டும் நீக்கலாமாம், அதற்குத் திருத்தக் கட்டணம் உண்டாம். கட்டினேன். இப்போது இணையத்தில் அந்தக் கட்டுரையில் கம்பியைக் கழற்றச் சொன்னதாக யாரும் சொல்லவில்லை, யாருக்கும் விரல் போகவில்லை. அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து, ஆயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய்.