வாசலில் கட்டிய கொடி

மகனுக்குக் கல்யாணம் முடிந்து, அவன் திரும்பவும் குவைத்துக்குப் போன மறுவாரம் வீட்டு வாசலில் துணிக்கொடி கட்டினேன். அதுவரை எங்கள் வீட்டில் கொடி கிடையாது. என் வேட்டியும் என் மனைவியின் சேலையும் வேலி மேல்தான் காய்ந்தன. மருமகளின் புதுச்சேலை ஒன்று சீமைக்கருவை முள்ளில் மாட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் என்னிடம் பேசுவது குறைவு. நான் அவளிடம் பேசுவது அதைவிடக் குறைவு. சாப்பாடு ஆயிற்று என்பதைக்கூட அவள் அத்தை மூலமாகத்தான் எனக்குச் சொல்வாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். பேச வராது, கைவேலை வரும். பழைய வேலியிலிருந்து ஒரு கல்லுக்காலை உருட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் இலுப்பூர்ப் பக்கத்து மண்ணில் ஒரு முழம் தோண்டினால் செம்பாறை வந்துவிடும். கடப்பாரை கையை உதறிக்கொண்டு எகிறியது. குழிக்கே ஒரு பகல் ஆயிற்று. மறுமுனைக்கு வாசல் பூவரசு இருந்தது. கம்பி என்றால் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும் என்று நைலான் கயிறு வாங்கினேன். இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டினேன். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் கிளிப் தேவையில்லை, ஆடிக் காற்றுக்கும் பறக்காது.

வாசலைத் தேர்ந்தெடுத்தது வெயிலுக்காக. கொல்லையில் மதியத்துக்கு மேல் புளியமர நிழல் விழுந்துவிடும். வாசலுக்கு எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. கடை பெஞ்சில் இருந்தவர்கள் நான் கயிறு இழுப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன மச்சான், கரண்டு ஆபீசுல சேந்துட்டியா, லைன் இழுக்குற?” என்றார் ஒருவர்.

“நமக்கு நல்லதுதான்ப்பா. இனிமே யாரு வீட்டுல என்ன உடுத்துறாகன்னு டீ குடிச்சுக்கிட்டே பாத்துக்கலாம்” என்றார் இன்னொருவர்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். மருமகள் சரியாக உட்காராமல், நடக்கும்போது முகம் சுளித்துக்கொண்டு இருந்தாள். என் மனைவி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்து, தொடைப் பக்கமெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஈரத்துணியை உடுத்தவே கூடாது, வெயிலில் காயவைத்துத்தான் உடுத்த வேண்டும் என்று நர்ஸ் கண்டித்தாராம்.

“வாசல்ல இம்புட்டு நீளத்துக்குக் கொடி கெடக்கு, இவ என்னத்த ஈரத்துணி உடுத்துறா?” என்றாள் மனைவி. பிறகு குரலை இறக்கினாள். “அவ அம்மாவுக்குப் போன் போட்டு அழுதுருக்கா. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறாகளாம். இப்பப் போனா, மகன் வாரவரைக்கும் அங்கயே இருந்துருவாளோன்னு பயமா இருக்குங்க.”

மகன் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

மறுநாள் ஆட்டுக்குத் தழை போடக் கொட்டகைக்குள் போனபோது, கூரைக்கு அடியில் இருட்டு மூலையில் ஒரு துண்டு தொங்கியது. எடுக்கப் போனேன். துண்டுக்கு அடியில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே சணல் கட்டி, உள்துணிகள் கிடந்தன. கையை இழுத்துக்கொண்டேன். ஈர வாடையும் ஆட்டு வாடையும் கலந்து வந்தது. வாசல் கொடியில் அவளுடைய சேலை காயும், ஜாக்கெட் காயும். இவை ஒருநாளும் காய்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீக்கடை பெஞ்சுக்கு நேர் எதிரே கொடியைக் கட்டிவிட்டு, நல்ல வெயில் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

“நாங்கள்லாம் பாவாடைக்கு அடியில மறைச்சுப் போட்டுத்தான் காயவச்சோம்.”

“காயுமா?” என்று கேட்டேன்.

“எங்கிட்டுக் காயும். அப்படியே எடுத்து உடுத்திக்கிருவோம்” என்றாள்.

அவளைக் கட்டி இருபத்தெட்டு வருஷமாகிறது. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. கொல்லைப் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு பெரிய புளியங்கிளைகளை வெட்டினேன். காய் பிடித்திருந்த கிளைகள். மனைவி தழையை அள்ளி ஒதுக்கினாள். வாசல் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து, சமையல்கட்டுச் சுவரில் வளையம் அடித்து, எதிரே சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினேன். பக்கத்துக் கடலைக் காட்டில் எப்போதும் ஆட்கள் வேலை செய்வார்கள். அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தேன். மேலே திறப்பு, வெயில் நேராக இறங்கும். குளிக்கும் தடுப்புக்கு நான் போகும் வழி அதுதான். ஆட்டுக்கொட்டகையைச் சுற்றிப் போக வேறு தடம் போட்டுக்கொண்டேன்.

கொடி எங்கே என்று டீக்கடையில் கேட்டார்கள். ரோட்டுத் தூசி என்றேன்.

மருமகளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் கொட்டகைக்குள் போனதையும், சணலைச் சுருட்டிக்கொண்டு வந்ததையும் மட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் சம்பந்தியம்மா வந்தார். ஊருக்குக் கொண்டுபோகத் துணி எடுத்துவைக்கக் காலிப் பை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மகள் கொல்லையில் துவைத்துக்கொண்டிருக்கிறாள் என்றதும் அங்கே போனார். வெகுநேரம் இரண்டு பேரும் தட்டிக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். மனைவி உலையில் அரிசி போடாமல், யாருக்கெல்லாம் சமைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அத்தையிடம் போகாமல் என் எதிரே வந்து நின்றாள்.

“மாமா, கொடி ரொம்ப ஒசரமா இருக்கு. எனக்கு எட்டல. கொஞ்சம் எறக்கிக் கட்டித் தாரீங்களா?”

“சரிம்மா” என்றேன்.

கொல்லைக்குப் போனேன். கொடியில் ஒன்றும் இல்லை, துணியெல்லாம் பிழிந்தபடி வாளியில் இருந்தது. ஒரு சாண் இறக்கி முடிச்சுப் போட்டேன். அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னும் நாலு வெரக்கடை, மாமா.”

இன்னும் நாலு விரல் அகலம் இறக்கிக் கட்டிவிட்டு, வாளியைப் பார்க்காமல் வந்துவிட்டேன். சமையல்கட்டில் மனைவி நாலு பேருக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் சம்பந்தியம்மாவை ஏற்றிவிட்டேன். காலிப் பை மடித்தபடி அவர் கக்கத்தில் இருந்தது.