முப்பத்திரண்டு தடவை மென்றவர்

தன் உடம்பை அவ்வளவு சீராட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தளிப் பக்கம் அம்மை குத்தப் போனபோது அந்தப் பண்ணைக்காரர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அறுபது வயதிலும் மினுமினுக்கும் தோல். ஒரு பல்கூட விழவில்லை. களியை மெல்லாமல் விழுங்குகிற ஊரில் அவர் ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்வார். சாப்பிடும்போது கெட்ட செய்தி எதுவும் காதில் விழக் கூடாது. மனம் கலங்கினால் ரத்தம் கெட்டுப்போகுமாம்.

அன்று நாங்கள் இலையில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய பண்ணையாள் வாசலுக்கு ஓடிவந்தான்.

"சாமி, வண்டி வேணுங்க. பொண்டாட்டிக்கு நேத்திலிருந்து பிரசவ வலி. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு..."

பண்ணைக்காரர் இடது கையை உயர்த்தினார். அவன் வாயை மூடிக்கொண்டான். "ஆபத்துங்க" என்று நான் ஆரம்பித்தேன். எனக்கும் அதே இடது கை.

மென்றார். மோர் குடித்தார். கை கழுவி, முற்றத்தில் நூறு அடி எண்ணி நடந்தார். பிறகுதான், "இப்ப சொல்லுடா" என்றார்.

வாசலில் இப்போது வேறொரு ஆள் நின்றிருந்தான். "கட்டில்ல போட்டுத் தோள்லயே தூக்கிட்டுப் போயிட்டாங்க, சாமி."

பண்ணைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? நாம பதறலை. காரியம் நின்னு போச்சா?"

அவரை நினைத்தால் இன்று குமட்டுகிறது. அன்று குமட்டவில்லை. அவர் நீட்டிய வெற்றிலையை வாங்கி நிதானமாக மென்றேன்.