மூச்சை விடலாம்

எக்ஸ்ரேக்காரருக்கு அந்தப் போட்டோ வகுப்பில் முதல் எரிச்சல் பெஞ்சு. பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், சாயங்காலம் ஐம்பதைத் தாண்டிய மனுஷன் முழங்காலை மடக்கி நுழைய வேண்டும். நுழைந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. எழுந்தால் மேசையும் கூடவே எழுந்து வந்தது.

அடுத்த எரிச்சல் வாத்தியார். இவர் வயசில் பாதிகூட இருக்காது. வாயைத் திறந்தால் "லைட்டைப் பாருங்க சார், லைட்டைப் பாருங்க" என்பான். வகுப்பே அவனுக்கு லைட்டு என்று பெயர் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கதிரோடு மல்லுக்கட்டியவரிடம் வந்து, லைட்டைப் பாருங்கள் என்றால்?

அப்புறம் அந்தக் கேமரா. ஒளி நுழையும் துளையைப் பெரிதாக்கினால் எண் சிறிதாகிறது. துளையைச் சிறிதாக்கினால் எண் பெரிதாகிறது.

"எந்தப் புண்ணியவான் இப்படி வெச்சான்?" என்று கேட்டார்.

"அது அப்படித்தான் சார்" என்றான் லைட்டு.

இதைச் சொல்லத்தான் ஒரு வாத்தியார்!

இவ்வளவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம் வீட்டுச் சுவரில் தொங்கியது. போன வருஷம் மனைவி இறந்தபோது பெரிதாக்கி மாட்ட உருப்படியாக ஒரு படம் கிடைக்கவில்லை. எப்போதோ ஓர் அடையாள அட்டைக்காக, ஜன்னல் பக்கத்தில் நிற்கவைத்து அவரே செல்போனில் எடுத்த படம்தான் அகப்பட்டது. விரிந்த கண், இறுகிய உதடு, யாரோ அதட்டி நிற்கவைத்தாற்போல ஒரு முகம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்து, "பாவம், கடைசியில ரொம்ப அவஸ்தைப்பட்டுட்டாங்க போல" என்றார்கள். அந்தப் படம் எடுத்த அன்று அவளுக்குத் தலைவலிகூடக் கிடையாது. எத்தனை பேரிடம் போய் அதை விளக்குவது?

மனைவி போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்தாள். பார்த்துக்கொண்டாள் என்றால், எழுந்ததிலிருந்து படுக்கும்வரை திட்டினாள். துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு, போடாவிட்டால் "ஏன்டா, உடம்புக்கு ஆகலையா?" என்று திட்டு. இப்போது அவளும் கிளம்புகிறாள். கடல் தாண்டி, மகள் வீட்டுக்கு. எழுபது வயதில் போகிறவள் திரும்பி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இருவரும் சூட்கேஸ் எடை பற்றி மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அவள் போவதற்குள், அவள் மாதிரியே இருக்கிற ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அவர் வகுப்பில் சேர்ந்தது அதற்குத்தான். சான்றிதழை யார் கேட்டார்கள்?

ஆனால் படம்தான் வந்தபாடில்லை. வகுப்பில் ஒருவரையொருவர் எடுக்கச் சொன்னார்கள். அவருக்கு எதிரே தையற்கடை அம்மா உட்கார்ந்தாள்.

"செயின், தோடு எல்லாம் கழட்டிருங்கம்மா. கண்ணாடியையும்."

"எதுக்கு அண்ணா?"

"படத்துல விழும்."

அவள் மறுபேச்சில்லாமல் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். லைட்டு அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டியபோது வகுப்பே சிரித்தது.

"ஏன் சார், உங்க படத்துல மட்டும் எல்லாரும் தண்ணிக்குள்ள முங்கின மாதிரியே இருக்காங்க?"

அவர் லென்ஸைச் சந்தேகப்பட்டார். இரவல் லென்ஸ் வாங்கி மாட்டினார். அதிலும் முங்கித்தான் இருந்தார்கள். வீட்டில் அக்காவை வாசலில் வைத்து எடுத்தார், அடுப்படியில் வைத்து எடுத்தார், மொட்டைமாடிக்கு மூச்சிரைக்க ஏற்றிவைத்து எடுத்தார். எல்லாப் படத்திலும் சுவரில் தொங்குகிறவளின் அதே முகம் அக்காவின் கழுத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி, நான் போறதுக்கு முன்னாடியே என்னைச் சுவத்துல மாட்டப் பாக்குறியா?" என்றாள் அக்கா.

கடைசி வகுப்பில் அவர் பொறுமை இழந்தார். கேமராவை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு இது வராது, விட்டுருங்க" என்றார்.

தையற்கடை அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு நீங்க சொல்றீங்க. நாங்க பிடிக்கிறோம்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"எப்பவும்!" என்றது வகுப்பு மொத்தமும்.

பின்வரிசையில் இருந்த ஒருத்தர் எழுந்து நடித்தே காட்டினார். "தாடையைத் தூக்குங்க, தோளை முன்னாடி கொண்டு வாங்க. நல்லா இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க. ஆங், விடலாம்!" குரல்கூட அச்சாக அவர் குரல்தான்.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு வருகிறவர்கள் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்ததெல்லாம் முதுகு. மூச்சைப் பிடித்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு வாய்த்ததே இல்லை. நாக்கு மட்டும் யாரையும் கேட்காமல் அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அக்கா கிளம்பும் நாள். பெட்டிகள் கூடத்தில். வண்டி வரச் சொல்லியாயிற்று. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இப்பவுமா? என் உயிரை வாங்காதடா."

"ஒண்ணே ஒண்ணுக்கா. கண்ணாடியைப் போட்டுக்க."

"நேத்து வரைக்கும் கழட்டு கழட்டுன்னே?"

"இன்னைக்குப் போட்டுக்க."

அவள் முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அவர் கேமராவைத் தூக்கினார். கண்ணை அதில் வைத்ததும் நாக்கு முந்திக்கொண்டது. "நல்லா இழுங்க, பிடிங்க…"

அக்காவும் பழக்கதோஷத்தில் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தாள். கண் விரிந்தது. உதடு இறுகியது. இதோ, மறுபடியும் அதே முகம். அவருக்குக் கேமராவைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது. விரல் பட்டனில் இருந்தது. அழுத்தவில்லை.

"விடலாம்" என்றார்.

அக்கா புஸ்ஸென்று விட்டாள். தோள் இறங்கியது. கன்னம் தளர்ந்தது. "எடுத்தியா இல்லையா? வண்டி வந்துரும், இவன் என்னடான்னா என்னை உக்காரவெச்சு மூச்சு வாங்க வைக்கிறான்! இதுக்கா சம்பளத்தைக் கொட்டிப் படிச்சே?" என்று கையை ஓங்கினாள்.

அழுத்தினார்.

திரையில் அக்கா இருந்தாள். வாய் பாதி திறந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து, ஓங்கிய கை கலங்கலாக. லைட்டு பார்த்தால் கை கலங்கியதற்குக் கழுத்தை அறுப்பான். அறுக்கட்டும்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "என்னடா இது, சண்டைக்குப் போறவ மாதிரி?"

"அதான் நீ."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

"அவளையும் மூச்சைப் பிடிக்கத்தான் சொன்னியா?"

"ம்."

"விடலாம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அதுக்கு முன்னாடியே எடுத்து முடிச்சுட்டேன்."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"விட்டதும் என்ன செஞ்சா?"

அவர் லென்ஸ் மூடியைத் தேடினார். சட்டைப்பையில்தான் இருந்தது. இருந்தும் மேசைக்கடியில் குனிந்து தேடினார்.

"சிரிச்சா" என்றார். "என்னங்க, நான் என்ன உங்க பேஷண்டான்னு கேட்டுச் சிரிச்சா."

ஹாரன் மறுபடியும் அடித்தது. "வரோம்யா, ஊரைக் கூட்டாதே!" என்று ஜன்னல் வழியே கத்தினாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள்.

"பெரிய பெட்டியை நீ தூக்குடா. மூச்சைப் பிடிச்சுத் தூக்கு."