ஒரே தட்டில் வெந்த இரண்டு இங்கிலாந்துக் கேக்குகள்

வெளிநாட்டில் தமிழ்க்கடை வைத்திருப்பவனுக்குச் சாமான் விற்பது சின்ன வேலை, வருகிறவர்களின் குறைகளைக் கேட்பதுதான் பெரிய வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளுகிற சகோதரங்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. முருங்கைக்காய் வாடிப்போய்க் கிடக்கிறது என்பார் ஒருவர். மச்சாள் தன்னோடு கதைக்கிறாளில்லை என்று சொல்லிவிட்டு அதே முருங்கைக்காயை வாங்கிப்போவார் இன்னொருவர்.

என்னுடைய கடை சுவிஸில் பாடன் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு விசேஷத் துன்பம். நம்முடைய ஆட்களின் குறைகள் போதாதென்று பிரிட்டிஷ்காரர்களின் குறைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஊர்க் கம்பனிகளுக்கு என்ஜினியர் வேலைக்கென்று வந்து தங்கிவிட்ட பிரிட்டிஷ் குடும்பங்கள் நிறைய. அவர்கள் எப்படி என் தலையில் வந்து விடிந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

விட்டுவிட்டுப் போன சாமான்கள்

முதலில் வந்தவர் டெஸ்மண்ட். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்ஜினியர், இங்குள்ள பிரிட்டிஷ் கிளப்புக்குத் தலைவர். நல்ல தேயிலை தேடி வந்தார். சுவிஸ் கடையில் வாங்கின தேயிலைப் பையைச் சுடுதண்ணியில் போட்டால் தண்ணி இலேசாக வெட்கப்படுகிறதே தவிர, தேத்தண்ணி ஆகிறதில்லை என்று முறைப்பாடு சொன்னார். நான் ஊர்த் தேயிலைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மனிதர் அதோடு போகவில்லை. தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். கிரீம் கிறாக்கர், கஸ்டர்ட் பவுடர், ஜிஞ்சர் பியர், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, பாண் ரொட்டியில் பூசுகிற உப்புக் கறுப்புப் பசை. பசைப் போத்தலுக்கு முன்னால் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டார்.

இதெல்லாம் உங்களுடைய சாப்பாடா என்று கேட்டார். ஓம், நான் மன்னாரில் பிறந்து வளர்ந்தது இதையெல்லாம் சாப்பிட்டுத்தான், உங்கள் ஆட்கள் இலங்கையை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை என்றேன். கடையில் எல்லாரும் என்னை "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று முடிவுகட்டியிருந்தார். நான் திருத்தப் போகவில்லை. அதனால் இன்றைக்கும் கிளப் முழுவதற்கும் நான் மிஸ்டர் அண்ணைதான். கூடை நிறைய அள்ளிக்கொண்டு வாசலில் நின்று டெஸ்மண்ட் சொன்னார்: "இவ்வளவையும் விட்டுவிட்டா போனார்கள்? எங்கள் ஆட்கள் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் போலிருக்கிறது, மிஸ்டர் அண்ணை."

பிரெண்டா போட்டிக்கு வைத்த கேக்

பிரெண்டா போன வருடம்தான் இங்கு வந்தவர். கணவருக்கு எந்நேரமும் பயணம். இன்றைக்குப் போலந்து, நாளைக்கு வேறெங்கோ. பிரெண்டாவுக்கு ஜெர்மன் வராது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. அந்தக் கிளப்தான் அவருக்குச் சொந்தம் பந்தம் எல்லாம். அங்கே ஒவ்வொரு மார்கழியும் கிறிஸ்மஸ் கேக் போட்டி வைப்பார்கள். வருடா வருடம் வெல்கிறவர் டெஸ்மண்ட். போன முறை பிரெண்டாவும் ஒரு கேக் செய்து கொண்டுபோய் வைத்திருக்கிறார். சுவிஸ் அவன் அடுப்பில் இருக்கிற படங்கள் விளங்காமல் எதையோ திருப்பிவிட்டதில் கேக் மேலே கரி, உள்ளே களி.

ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லையாம். ஆளுக்கொரு துண்டு எடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கூட்டம் முடிந்து கோப்பைகளை எடுத்து அடுக்கும்போதுதான், ஒவ்வொரு பேப்பர் துடைப்பானுக்குக் கீழேயும் தன்னுடைய கேக் அப்படியே ஒளிந்திருப்பதைப் பிரெண்டா பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கிளப்புக்குப் போகவே கூசுகிறதாம். இதைச் சொல்லிவிட்டு என்னுடைய பருப்புத் தட்டுக்கு முன்னால் நின்று அழுதார். எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாகிவிட்டது. நானும் வந்த புதிதில் எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல் குசினியொன்றில் கோப்பை கழுவியவன். ஆள் அண்டாத ஊரில் தனியாக இருந்து சாப்பிடுவது எப்படியென்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மிஸ்டர் அண்ணை. எல்லாரும் கேக் அருமை என்று சொன்னார்கள்."

ஞாயிற்றுக்கிழமைப் போத்தல்

சனிக்கிழமை காலையில் கிளப் ஆட்கள் நாலைந்து பேராவது கடைக்குள் நிற்பார்கள். வாங்குவது ஒரு பெட்டி தேயிலை, சொல்வது ஒரு வாரத்துக் குறை. கடைகள் நேரத்தோடு பூட்டுகிறார்கள். கட்டிடத்துக்குப் பொதுவான உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முறை வைத்திருக்கிறார்கள், நம்முடைய முறை வரும்போது மழை பெய்கிறது. நானும் தலையை ஆட்டிக்கொண்டு சில்லறை கொடுப்பேன். அந்நியனுக்கு அந்நியன் ஆறுதல் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

ஒருநாள் டெஸ்மண்ட் கொதித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் விருந்தில் காலியான வைன் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போயிருக்கிறார். ஒரு கிழவி பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, ஊர் கேட்க ஏசிவிட்டாராம். என்றைக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார். இந்த நாட்டில் ஞாயிறென்றால் போத்தல் விழுகிற சத்தமே கேட்கக்கூடாது. நான் அவர் பக்கம் கதைத்திருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "ஞாயிற்றுக்கிழமையா? கண்ணாடிப் போத்தலையா?" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டேன். போதாததற்குப் பச்சையும் மண்ணிறமும் பிரித்துத்தானே போட்டீர்கள் என்றும் விசாரித்தேன். டெஸ்மண்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்: "இந்த வியாதி உங்களுக்கு எந்த வருடம் தொற்றியது?"

விமான நிலையத்தில் இரண்டு வரிசை

லண்டனில் மருமகளின் கலியாணம் முடித்துத் திரும்பியபோது அதே விமானத்தில் பிரெண்டாவும் வந்தார். சூரிச்சில் இறங்கினால் பாஸ்போர்ட் பார்க்க இரண்டு வரிசை. சுவிஸ், ஐரோப்பா எல்லாம் ஒரு பக்கம், உலகத்தில் மிச்சமுள்ளவர்கள் மற்றப் பக்கம். நான் என் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட்டைக் காட்டி, அதிகாரியோடு கதைத்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிரெண்டா மற்ற வரிசையில், அதுவும் வால் பக்கத்தில். ஒரு காலத்தில் இதே நாட்டு வாசலில் என்னைத் தனி அறையில் இருத்தித் துருவித் துருவிக் கேட்டவர்கள். அதையெல்லாம் நினைத்தபோது எனக்கு ஒரு குஷி வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? கையைக் காட்டிவிட்டு வந்தேன்.

பாவம் என்று வெளியே காத்திருந்தேன். பிரெண்டா வந்தபோது முகம் தொங்கிக் கிடந்தது. அவரிடம் வீட்டுச் சமையலுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பேக்கன் பொதி இருந்திருக்கிறது. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு அங்கிருந்து இறைச்சி கொண்டுவர முடியாதென்று சுங்கக்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஊரிலிருந்து வரும்போது கருவாடும் பனம்பழப் பனாட்டும் பறிகொடுக்காத ஆட்களா? தோளில் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னேன். பிரெண்டா பெருமூச்சு விட்டார்: "என் நாட்டுக்காரர்கள் வாக்குப் போட்டார்கள், என் பேக்கன் போய்விட்டது."

ஒரு தட்டு, இரண்டு ஓடர்

என் மனைவி ஜெசிந்தா நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, ரிச் கேக் செய்வார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது இல்லாமல் நத்தார் இல்லை. மாவுக்குப் பதில் ரவை, கை நிறையக் கஜுப் பருப்பு, பாகில் காய்ச்சின நீத்துப்பூசணித் துண்டு, பிளம்ஸ். ஒரு துண்டைத் தின்று பார்த்த பிரெண்டா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரகசியமாகக் கேட்டார். போட்டிக்கு ஒரு கேக் வேண்டும், ஐசிங்கைத் தானே பூசிக்கொள்வாராம். இந்த முறையும் தோற்றால் இனிக் கிளப் பக்கம் போகவே மாட்டாராம். ஜெசிந்தா உடனே ஓம் என்றுவிட்டார்.

மறுநாள் டெஸ்மண்ட் வந்தார். "வழமையான கேக்தான். ஐசிங் வேண்டாம், பேப்பரும் சுற்ற வேண்டாம்." இரண்டு வருடமாக அவர் இப்படித்தான் வாங்கிப் போகிறார், பேரப்பிள்ளைகளுக்காக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது. சாம்பியன் கேக் வேகிறது என் வீட்டுக் குசினியில்! இரண்டையும் ஒரே மேசையில் வெட்டினால் குட்டு உடையும். டெஸ்மண்ட் நெடுங்காலத் தலைவர், எப்படியும் தப்பிவிடுவார். புதிதாக வந்த பிரெண்டாதான் கள்ளியாகி நிற்பார். பிரெண்டாவிடம் சொல்லலாமென்றால் டெஸ்மண்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒருவருடைய பையை இன்னொருவருக்கு முன்னால் திறக்காதவன்தான் கடைக்காரன். நான் குசினிக்கு ஓடினேன். "இஞ்சரும், ஒண்டுக்குக் கஜுவைக் குறைச்சு, பூசணியையும் விட்டுட்டு வேற மாதிரிச் செய்யும்" என்றேன். ஜெசிந்தா ரவை வறுக்கிற கையை நிறுத்தவில்லை. "ஒராளுக்குப் போட்டு மற்றாளுக்குப் போடாமல் விட்டால் அது பாவம். ஒரே தட்டில சுட்டு நடுவால வெட்டிக் குடுப்பன். மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கொள்ளட்டும்."

வெட்டிய கத்தி

போட்டி நாளில் தேத்தண்ணியும் ரோல்ஸும் எங்களுடைய பொறுப்பு. அதனால் இரண்டு பேரும் மண்டபத்தில் நின்றோம். பக்கச்சார்பு இருக்கக்கூடாதென்று ஒரு சுவிஸ் பேக்கரிக்காரரை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். டெஸ்மண்டின் கேக் அடிமட்டம் வைத்துப் பூசிய மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரெண்டா பச்சை இலையும் சிவப்புப் பழமும் செய்து ஒட்டியிருந்தார், கொஞ்சம் சரிந்த இலைகள். நடுவர் ஒன்றை வெட்டி வாயில் போட்டார், மற்றதை வெட்டிப் போட்டார், திரும்பவும் முதலாவதற்கு வந்தார்.  "இந்த இரண்டும்தான் அசல் இங்கிலாந்துக் கேக், மற்றதெல்லாம் பாவனை" என்று அறிவித்து, இரண்டுக்கும் முதற்பரிசு என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அதோடு விட்டாரா? உள்ளே மணல் மாதிரிக் கடிபடுவது என்ன என்று கேட்டார். "பாதாம்" என்றார் டெஸ்மண்ட். பிரெண்டா டெஸ்மண்டின் துண்டைப் பார்த்தார், தன்னுடைய துண்டைப் பார்த்தார், கடைசியில் தேத்தண்ணி மேசையில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார். இரண்டும் ஒரே கையால் வந்தவை என்று பிரெண்டாவுக்கு விளங்கிவிட்டது.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பரிசு கைக்கு எட்டிவிட்டது, கூட்டமும் அவர் பக்கம். ஆனால் முகம் சிவந்து, "இதை நான் செய்யவில்லை. ஜெசிந்தா செய்தது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.  ஆளாளுக்குத் தங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். இந்தப் பெண்ணின் கதை முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார். "என்னுடையதும் அவர் செய்ததுதான். போன வருடமும். அதற்கு முந்தின வருடமும்." எங்கோ ஒரு மூதாட்டி கிக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மூதாட்டி பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுப் பிரெண்டாவை இருக்கச் சொன்னார். பிரெண்டா சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்தார். கையில் கேக்கோடு ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பருப்புத் தட்டுக்கு முன்னால் நின்று அழுத பிரெண்டாவா இவர் என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. சுவிஸ்காரர் அல்லவா, விதி விதிதான். கேக்கைச் சுட்டவருக்குத்தான் பரிசு என்று நின்றார். பரிசு ஒரு வெள்ளிக் கோப்பையும், கிளப்பில் ஒரு வருட அங்கத்துவமும். ஜெசிந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் இரண்டையும் வாங்கி வந்தார். "இஞ்சருங்கோ, இந்தக் கிளப்பில என்னதான் செய்யிறவை?" என்று என் காதுக்குள் கேட்டார். "பின்னேரத்தில கூடியிருந்து தேத்தண்ணி குடிச்சு, இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்லுவினம்" என்றேன். ஜெசிந்தாவின் கண் அகல விரிந்தது: "ஐயோ ஆண்டவரே, இவ்வளவு வருஷமும் நான் அதைத் தனியவெல்லோ செய்துகொண்டிருந்தனான்!"

இப்போது குறை சொல்கிறவர்கள் எல்லாரும் என் மனைவி உட்பட கிளப்பில் ஒரே மேசையில் கூடிவிடுகிறபடியால், சனிக்கிழமைக் கடையைத் தனியாகப் பார்க்கிற என்னுடைய குறையைக் கேட்கத்தான் ஒருவரும் மிச்சமில்லை.